'கர்ணன்' (1964): பதிப்புரிமை முடிந்துவிட்டதா?

ரீல்பெட்டி:
1964 பொங்கலுக்கு வந்த 'கர்ணன்' படத்திலிருந்து ஒரு பாடலும் ஆறு நிமிட வசனக் காட்சியும் யூடியூப் காணொளி ஒன்றுக்கு வேண்டும். 60 வருடம் தாண்டிவிட்டதே, யாரையும் கேட்காமல் போடலாமா? "நெகட்டிவ் ரைட்ஸ் (மூல நெகட்டிவோடு சேர்ந்த படத்தின் உரிமை) என்கிட்டதான், 99 வருஷத்துக்கு எழுதி வாங்கியிருக்கேன்" என்று ஒருவர் பணம் கேட்கிறார்.

பாட்டுப்புத்தகம்:
படத்துக்கு மட்டும் என்றால் கணக்கு எளிது. 1957 இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 26-ஆம் பிரிவு: வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து 60 ஆண்டு. கர்ணனுக்கு 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. பத்திரத்தில் 99 என்று எழுதினாலும் சட்டம் கொடுத்த காலத்துக்கு மேல் ஒரு நாள்கூட நீளாது. அவரிடம் விற்பதற்கு மிச்சம் இருப்பது பிரின்ட்தான்.

சென்சார் தேதியை வைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். டிசம்பரில் சான்றிதழ் வாங்கிப் பொங்கலுக்கு வரும் படத்தில் முழுசாக ஒரு வருடம் இடிக்கும். 'எங்க வீட்டுப் பிள்ளை' 1965 ஜனவரி 14 வெளியீடு. அதன் உரிமை 2025 கடைசிவரை. வெளியீட்டுத் தேதிக்கு அன்றைய நாளிதழ் விளம்பரத்தைப் பாருங்கள். தயாரிப்பு நிறுவனம் எது என்பதற்குப் பாட்டுப் புத்தகம் உதவும். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் நிறைய இருக்கின்றன. பதிப்புரிமைப் பதிவேட்டில் பெயர் இல்லை என்பதை நம்பி இறங்க வேண்டாம், பதிவு கட்டாயமே இல்லை.

சரணம்2:
படம் போனாலும் பாட்டு போகாது சார். 13(4) பிரிவின்படி படத்துக்குள் இருக்கும் வரி, இசை, வசனம் எல்லாவற்றுக்கும் தனி உரிமை. அவற்றுக்குக் காலம், எழுதியவர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு 60 வருடம். கண்ணதாசன் 1981-ல் மறைந்தார். வரிகளுக்கு 2041 முடியும்வரை. இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. இருவர் சேர்ந்த படைப்பில் கடைசியாக மறைந்தவர்தான் கணக்கு: எம்.எஸ்.வி. 2015, ஆக 2075. உரிமை இன்று தயாரிப்பாளரிடம் இருந்தாலும் இசை நிறுவனத்திடம் இருந்தாலும் காலம் மாறாது. வசனம் சக்தி கிருஷ்ணசாமி. அதற்கும் இதே கணக்குதான்.

இன்னொன்று: 2012-ல் டிஜிட்டலாக்கி மறுவெளியீடு செய்த பிரதியிலிருந்து வெட்டாதீர்கள். புதிதாகச் சேர்த்த வேலைக்குப் புது உரிமை கோருவார்கள். பழைய பிரின்டிலிருந்து வந்த பிரதி மேல்.

ரீல்பெட்டி:
சரி, பாடலை விட்டுவிடுகிறேன். வெறும் காட்சிக்கும் யூடியூபில் உரிமைகோரல் வருமா?

சரணம்2:
வரும். 1996 ஜனவரி 1 அன்று சொந்த நாட்டில் உரிமை உயிரோடிருந்த வெளிநாட்டுப் படங்களுக்கு அமெரிக்கா 95 ஆண்டு தருகிறது. கர்ணனுக்கு அங்கே 2059 முடியும்வரை. யூடியூப் அமெரிக்க நிறுவனம், இந்தியக் கணக்கை மட்டும் காட்டி வாதாட முடியாது.

பாட்டுப்புத்தகம்:
காணொளி விமர்சனம் என்றால், விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள விடும் 52(1)(அ) பிரிவு இந்தியாவில் கைகொடுக்கும். ஆனால் ஆறு நிமிடத்தை ஒரே ஓட்டமாக விடாதீர்கள். இருபது, முப்பது வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் உங்கள் பேச்சு வரட்டும். கோரல் வந்தால் மறுப்பு போடுங்கள், எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள்.