32 அணிகள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை: மகளிர் வாலிபால் உலக சாம்பியன்ஷிப் மலிந்துவிட்டதா?

நெட்டோரம்:
தாய்லாந்தில் 2025 ஆகஸ்ட் 22 முதல் செப்டம்பர் 7 வரை நடந்த மகளிர் உலக சாம்பியன்ஷிப்பை முடிந்தவரை விடாமல் பார்த்தேன். இத்தாலி ஜெயித்தது சந்தோஷம்தான். ஆனால் போட்டி அமைப்பைப் பற்றி ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது, கொட்டிவிடுகிறேன்.

2022ல் 24 அணிகள். இப்போது 32. நான்கு வருடத்துக்கு ஒருமுறை வந்தது இனி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. நான்கு நான்கு அணிகளாக எட்டுக் குழு, ஆளுக்கு மூன்று ஆட்டம், முதல் இரண்டு இடம் பிடித்தால் நேராக நாக் அவுட். முதல் வாரம் முழுக்க 3-0, 3-0 என்று வரிசையாக வந்தது. அப்புறம் திடீரென்று ஒரே ஆட்டத்தில் தலை போகிறது. 2018, 2022 இரண்டு முறையும் பட்டம் வென்ற செர்பியா, 16 அணிகள் சுற்றிலேயே நெதர்லாந்திடம் ஐந்து செட்டில் தோற்று வீட்டுக்குப் போனது. சீனாவும் அதே சுற்றில் பிரான்ஸிடம் 1-3. உலகத்தின் சிறந்த அணி எது என்று கண்டுபிடிக்கிற வழியா இது? வருகிறவர்களுக்கெல்லாம் இலை போட்டுப் பந்தி விரித்த மாதிரி இருக்கிறது.

பிடி டீச்சர்:
இலை போட்டால் தப்பா சார்? சாப்பிட வந்தவர்கள் பசியோடுதான் வந்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். 2022ல் பட்டம் வாங்க ஒரு அணி எத்தனை ஆட்டம் ஆட வேண்டியிருந்தது? முதல் சுற்றில் 5, இரண்டாம் சுற்றில் 4, அப்புறம் காலிறுதி, அரையிறுதி, இறுதி. மொத்தம் 12. தாய்லாந்தில் 7 போதும். அணிகள் கூடின, ஆனால் ஒரு ஆட்டக்காரியின் முழங்கால் மீது ஏறும் சுமை குறைந்தது. "32 ஆனதால் ஆட்டக்காரிகள் களைத்துவிட்டார்கள்" என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

நெட்டோரம்:
களைப்பைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே டீச்சர். நான் சொல்வது நேர் எதிர். 12 ஆட்டம் ஆடி வாங்கிய பட்டத்தை 7 ஆட்டத்தில் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் புகார். இத்தாலியின் பாதையைப் பாருங்கள். குழுவில் ஸ்லோவாக்கியா, கியூபா, பெல்ஜியம். அடுத்து ஜெர்மனி, போலந்து. அரையிறுதி வரை ஒரு செட்கூட விடவில்லை. உண்மையான சோதனை பிரேசிலும் துருக்கியும்தான். அதாவது இரண்டே ஆட்டம்.

இதில் கியூபாவை நினைத்தால்தான் வருத்தம். 1992, 1996, 2000 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் தொடர்ச்சியாக வாங்கிய அணி. இன்றைக்கு எண்ணிக்கையை நிரப்ப வந்த அணிகளில் ஒன்று.

பின்வரிசை:
நெட்டோரம் அண்ணே, அந்த இரண்டு ஆட்டத்தை "இரண்டே" என்று தள்ளிவிட்டீர்களே! நான் பாங்காக்கில் வேலை பார்க்கிறேன். அந்தக் கடைசி இரண்டு நாளும் ஹுவாமாக் அரங்கில் உட்கார்ந்திருந்தேன்.

அரையிறுதியில் பிரேசில் மூன்றாவது செட்டை 30-28க்கு எடுத்தபோது இத்தாலியின் கதை முடிந்தது என்றே பக்கத்தில் எல்லோரும் பேசினார்கள். ஐந்தாவது செட் 15-13. இறுதிப் போட்டியில் இரண்டாவது செட் துருக்கிக்கு 25-13. துருக்கியின் வர்காஸ் அடித்த பந்துக்குக் கை கொடுக்கவே பயப்படும் நிலை. அதிலிருந்து மீண்டு மூன்றாவது செட் 26-24, நான்காவதைத் திரும்ப விட்டு, கடைசி செட் 15-8. மூன்றாம் இட ஆட்டத்தில் பிரேசில் இரண்டு செட் முன்னால் போய், ஜப்பான் இரண்டையும் திருப்பி, ஐந்தாவது 18-16. கடைசி நான்கு ஆட்டத்தில் மூன்று ஐந்து செட் போனது. மலிந்த போட்டியில் இப்படி நடக்குமா?

டிவியில் சரியாகக் காட்டாத ஒன்றைச் சொல்கிறேன். இத்தாலிப் பயிற்சியாளர் வெலாஸ்கோ இரட்டை மாற்றம், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டக்காரிகளை மாற்றும் நேரம். அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர் ஓர்ரோ முன்வரிசைக்கு வருவதற்குச் சற்று முன்னால், எல்லைக்கு வெளியே காம்பியும் அன்ட்ரோபோவாவும் எண் அட்டையைப் பிடித்துக்கொண்டு தயாராக நிற்பார்கள். ஓர்ரோவும் அணியின் முக்கிய அடிக்காரி எகோனுவும் வெளியே. செட்டர் காம்பி பின்வரிசைக்குப் போய்விடுவார், முன்னால் அன்ட்ரோபோவாவோடு மூன்று அடிக்கிற ஆள். எதிரணி பிளாக் கணக்கெல்லாம் மாறிவிடும். எகோனுவை உட்கார வைத்துவிட்டு இன்னொரு எகோனுவை இறக்குகிற வசதி வேறு எந்த அணிக்கு இருக்கிறது? 36 ஆட்டம் தொடர்ந்து தோற்காமல் வந்தார்கள் என்றால் சும்மாவா.

நெட்டோரம்:
தம்பி, நீங்கள் சொன்னதெல்லாம் கடைசி நான்கு அணிகளைப் பற்றி. இத்தாலி, துருக்கி, பிரேசில், ஜப்பான். இந்த நால்வரும் 16 அணிகள் வைத்தாலும் வந்திருப்பார்கள், 24 வைத்தாலும் வந்திருப்பார்கள். 32 என்ன கூடுதலாகக் கொடுத்தது என்று கேட்கிறேன்.

பிடி டீச்சர்:
வியட்நாமைக் கொடுத்தது. முதன்முறையாக உலக சாம்பியன்ஷிப் ஆடிய அணி. தாய்லாந்தின் புகெட்டில் போலந்துக்கு எதிராக முதல் செட்டை 25-23க்கு எடுத்தார்கள். வருடா வருடம் தேசிய அணிகள் ஆடும் நேஷன்ஸ் லீகில் போலந்து அந்த வருடம் மூன்றாவது வந்த அணி என்பதை மறக்க வேண்டாம். அப்புறம் ஆட்டம் 1-3 ஆனது, சரி. கென்யாவிடம் 0-3 தோற்றார்கள், அதுவும் சரி. ஆனால் கென்யாவுக்கு அந்த வெற்றி எவ்வளவு பெரிய விஷயம்! ஐரோப்பாவையும் பிரேசிலையும் மட்டும் எதிர்த்து ஆடினால் ஆப்பிரிக்க அணிக்கு ஜெயிக்கிற ஆட்டமே கிடைக்காது.

உங்கள் ஊர்க் கதை வேண்டாம் என்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் பள்ளி அணியில் ஒரு பிள்ளைகூட 170 செ.மீ. தாண்டவில்லை. நெட் உயரம் 2.24 மீட்டர், அது யாருக்காகவும் இறங்காது. இத்தாலி ஆட்டத்தைப் போட்டால் வாய் பிளந்து பார்க்கிறார்கள், களத்துக்கு வந்ததும் அதில் எதையும் செய்து பார்க்க முடியாது. தாய்லாந்து ஆட்டத்தைப் போட்டேன். செட்டருக்குப் பின்னால் ஓடி ஒற்றைக் காலில் எழும்பி அடிக்கிற அந்த வேகத்தை மறுநாளே செய்து பார்த்தார்கள். முதல் நாள் பாதிப் பந்து நெட்டில். ஆனால் செய்து பார்த்தார்கள்.

நெட்டோரம்:
தாய்லாந்து போட்டி நடத்திய நாடு. ஆசிய சாம்பியன் ஆகவும் இருந்திருக்கிறது, 2009, 2013, 2023. அவர்களுக்கு 32 தேவையே இல்லை. உங்கள் உதாரணம் எனக்குத்தான் உதவுகிறது டீச்சர்.

பிடி டீச்சர்:
சரி, தாய்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வியட்நாமையும் கென்யாவையும் எனக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. 32 என்றால் கண்டவர்களும் உள்ளே வரலாம் என்று நினைக்கிறீர்கள். தென் கொரியா வரவில்லை! 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கிம் யோன் கூங் தலைமையில் நான்காவது இடம் பிடித்த அணி. அவர் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றதும் 2022, 2023 நேஷன்ஸ் லீகில் ஒவ்வொரு வருடமும் 12 ஆட்டத்துக்கு 12ம் தோல்வி. 2025ல் லீகிலிருந்தே இறக்கப்பட்டார்கள். 32 இடம் இருந்தும் அவர்களுக்கு இடமில்லை. தகுதிச் சட்டம் அவ்வளவு தாராளம் இல்லை: நடத்துகிற நாடு, முந்தைய சாம்பியன், ஐந்து கண்டத்திலிருந்து மூன்று மூன்று பேர், மீதி 15 இடம் உலகத் தரவரிசைப்படி.

ஐந்தாம்செட்:
இரண்டு பேரும் தப்பான இடத்தில் சண்டை போடுகிறீர்கள். ஆட்டக்காரிகளை அரைக்கிற செக்கு உலக சாம்பியன்ஷிப் இல்லை, நேஷன்ஸ் லீக்.

2018ல் பழைய கிராண்ட் பிரீ போட்டியை எடுத்துவிட்டு அதைக் கொண்டுவந்தார்கள். 2025ல் 18 அணிகள், மூன்று வாரத்தில் ஆளுக்கு 12 ஆட்டம். ஒரு வாரம் ஆசியாவில், அடுத்த வாரம் ஐரோப்பாவில், அதற்கடுத்து அமெரிக்கக் கண்டத்தில் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். போலந்தின் வூட்ஜ் நகரில் இத்தாலி பிரேசிலை 3-1ல் ஜெயித்த இறுதிப் போட்டி ஜூலை 27. நான்கு வாரம் முடிவதற்குள் தாய்லாந்தில் முதல் சர்வீஸ். அது முடிந்து ஒரு மாதத்தில் கிளப் சீசன். இத்தாலி அணியின் டி ஜென்னாரோவுக்கு அப்போது வயது 38, இத்தாலியின் கோனெல்யானோ கிளப்பிலும் ஆடினார். இந்த ஓட்டத்தில் அந்த அம்மா எப்போது மூச்சு விட்டார் என்று தெரியவில்லை. (இறுதிப் போட்டியில் எதிரணி பயிற்சியாளர் அவருடைய கணவர் சாந்தரெல்லி. கிளப்பிலும் அப்போது அவர்தான் பயிற்சியாளர். வீட்டில் அன்றைக்கு என்ன பேசியிருப்பார்களோ.)

தரவரிசைக் கணக்கையும் பாருங்கள். எடை கூடினால் அந்த ஆட்டத்தின் மதிப்பும் கூடும். ஒலிம்பிக் ஆட்டத்தின் எடை 50, உலக சாம்பியன்ஷிப்புக்கு 45, நேஷன்ஸ் லீகுக்கு 40. லீகில் இருப்பவர்களுக்கு வருடா வருடம் அந்த 40 எடையில் குறைந்தது 12 ஆட்டம். வெளியே இருக்கிற கென்யாவுக்கு? உலக சாம்பியன்ஷிப்பில் கிடைக்கிற மூன்றே ஆட்டம்தான் பெரிய வாய்ப்பு. அதையும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை கொடுத்தால் எப்போது மேலே ஏறுவார்கள்? இதில் நான் டீச்சர் பக்கம்.

ஸ்மாஷ் ராஜா:
எல்லாம் விடுங்க. கியூபாவில் பிறந்த வர்காஸ் துருக்கிக்கு, ஐஸ்லாந்தில் ரஷ்யப் பெற்றோருக்குப் பிறந்த அன்ட்ரோபோவா இத்தாலிக்கு. தேசிய அணி என்ற பேச்சே பொய். மேலே ஒருவர் கியூபாவுக்காக வருத்தப்பட்டாரே, வர்காஸ் அங்கேயே இருந்திருந்தால் அந்த வருத்தம் வந்திருக்காது.

பின்வரிசை:
ராஜா, வர்காஸ் சின்ன வயதிலேயே கியூபாவை விட்டு வெளியேறி, குடியுரிமை வாங்கி, விதிப்படி காத்திருந்து 2023லிருந்துதான் துருக்கிக்கு ஆடுகிறார். அன்ட்ரோபோவா இத்தாலி லீகிலேயே வளர்ந்தவர். ராத்திரியோடு ராத்திரியாக வாங்கிய ஆட்கள் இல்லை.

மட்டுறுத்துநர்:
குடியுரிமை பற்றித் தனித் திரி தொடங்கிக்கொள்ளுங்கள். இங்கே போட்டி அமைப்பு மட்டும்.

நெட்டோரம்:
நன்றி. ஐந்தாம்செட் சொன்னதில் லீக் பற்றிய பகுதியை ஒப்புக்கொள்வதில் எனக்குச் சிரமம் இல்லை. ஆனால் அதனால் என் கேள்வி அழிந்துவிடாது. 16 அணிகள் சுற்றில் குழுவுக்குக் குழு முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். ஏ குழுவும் எச் குழுவும் மோத வேண்டும், பி குழுவும் ஜி குழுவும். எச் குழுவில் ஜப்பானிடம் தோற்று இரண்டாவதாக வந்த ஒரே காரணத்துக்கு செர்பியா நேராக ஏ குழுவில் முதலிடம் வந்த நெதர்லாந்திடம் போனது. அங்கே ஐந்தாவது செட் என்பது 15 புள்ளி. நாலு சர்வீஸ் நெட்டில் விழுந்தால் இரண்டு வருட உழைப்பு போச்சு. பழைய முறையில் ஒன்பது ஆட்டம் ஆடிய பிறகுதான் இந்தக் கத்தி தொங்கும். ஒன்றில் தவறினாலும் மற்றதில் சரிக்கட்டலாம்.

பின்வரிசை:
நெதர்லாந்து அதே குழுச் சுற்றில் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே, அந்தக் கூச்சலுக்கு நடுவே 3-2க்கு ஜெயித்து முதலிடம் வந்த அணி. அடுத்து காலிறுதியில் ஜப்பானையும் ஐந்து செட் இழுத்தார்கள். செர்பியாவை அதிர்ஷ்டத்தில் ஜெயித்தார்கள் என்று சொல்வது நியாயமில்லை அண்ணே.

நெட்டோரம்:
அதிர்ஷ்டம் என்று சொல்லவில்லை. ஒரு ஆட்டம் போதாது என்கிறேன். அதைவிடப் பெரிய கவலை 2027. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்துகின்றன. அங்கே லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு மூன்று இடம் கொடுக்கப் போகிறார்கள். ஒலிம்பிக்கில் மொத்தமே 12 அணிகள். ஒரு மாலை நேரத்துத் தடுமாற்றத்துக்கு ஒலிம்பிக்கை விலை கொடுப்பதா?

ஐந்தாம்செட்:
அது நியாயமான பயம். ஆனால் தரவரிசைப்படியும் மூன்று இடம் இருக்கிறது, கண்டத்து சாம்பியன்களுக்கு ஐந்து இருக்கிறது. ஒரே கதவு இல்லை.

சரி, உங்களிடம் மாற்று என்ன? 24க்குத் திரும்புவதா?

நெட்டோரம்:
இல்லை. டீச்சருக்காக 32ஐ விட்டுக்கொடுக்கிறேன். குழுச் சுற்றிலிருந்து வரும் 16 அணிகளை உடனே நாக் அவுட்டுக்குத் தள்ளாமல் நான்கு நான்காக இன்னொரு குழுச் சுற்று. அதில் முதல் இரண்டு பேர் காலிறுதிக்கு. மூன்றும் மூன்றும் ஆறு, அப்புறம் நாக் அவுட் மூன்று. பட்டத்துக்கு 9 ஆட்டம். 12ம் இல்லை, 7ம் இல்லை.

பிடி டீச்சர்:
எனக்குச் சம்மதம். ஆனால் குழுச் சுற்றோடு வெளியேறும் 16 அணிக்கும் ஏதாவது ஆட்டம் வையுங்கள். நைரோபியிலிருந்து மூன்று ஆட்டத்துக்காகப் பறந்து வந்து திரும்புவது கொடுமை. 17 முதல் 32 வரை இடத்துக்கு ஆடட்டும், தரவரிசைப் புள்ளியாவது கிடைக்கும்.

ஐந்தாம்செட்:
கூடுதல் நாளுக்கு எங்கே போவது? நேஷன்ஸ் லீகில் ஒரு வாரத்தை, அதாவது நாலு ஆட்டத்தை வெட்டினால் இது தாராளமாக நடக்கும். ஆனால் டிக்கெட்டும் டிவி உரிமையும் விற்கிற வாரத்தை யார் வெட்டுவார்கள்?

நெட்டோரம்:
அதை வெட்டச் சம்மதித்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பதைப் பற்றியும் வாயைத் திறக்க மாட்டேன். வெட்டாதவரை இந்தத் திரியை மூட மாட்டேன்.