ஷவரும் மழையும் ஒன்றா? இலைதுளிர்காலக் கூதல் வானிலைக்குத் தமிழ்ச் சொல்

அக்கரைப்பற்று, செயலி மொழிபெயர்ப்பு

எல்லோருக்கும் வணக்கம், ஸலாம்.

வானிலைச் செயலி ஒன்றின் தமிழ்ச் சரங்களைத் திருத்தும் வேலை நடக்கிறது. லண்டனிலும் ஒஸ்லோவிலும் இருக்கிற நம்மவர்கள் சித்திரை மாதத்தில், அதாவது அங்கே இலை துளிர்க்கும் காலத்தில், அடிக்கடி காணும் வரி ஒன்று: "கூல் அன்ட் அன்செற்றில்ட், ஷவர்ஸ், சன்னி இன்டர்வல்ஸ்". தமிழில் இப்போது வருவது "குளிர்ந்த மற்றும் நிலையற்ற மழை".

இதில் வெயில் காணாமலே போய்விட்டது. "நிலையற்ற" என்பது வானிலையை விட்டு மழையில் ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றிலும் பெரிய பிழை, ரெயினுக்கும் ஷவருக்கும் ஒரே "மழை". காலை வரி ரெயின், பின்னேர வரி ஷவர் என்றிருந்தாலும் தமிழில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று. எட்டு மணித்தியாலம் நனைய வேண்டுமா, கால் மணித்தியாலம் கடை வாசலில் ஒதுங்கினால் போதுமா என்று அவருக்குத் தெரியாது.

தேவை மூன்று சொல்: அன்செற்றில்டுக்கு ஒன்று, ஷவருக்கு ஒன்று, அந்தக் குளிர்ந்த மழைநாட்களின் தொடருக்குப் பெயராக ஒன்று. கைபேசியில் ஒரு வரிக்கு முப்பது எழுத்துக்கு மேல் இடமில்லை.

கல்லடி, புவியியல் ஆசிரியர்

தம்பி, முதலில் "நிலையற்ற" என்பதை எடுத்துவிடுங்கள். அது வேறொன்றுக்குச் சொந்தமான சொல். அடியில் சூடான காற்று, மேலே குளிர்ந்த காற்று, கொஞ்சம் தூக்கிவிட்டால் தானாக மேலேறிப்போகும் நிலை, அதுதான் அன்ஸ்டேபிள். உயர்தர வகுப்பில் வளிமண்டல நிலையின்மை என்று படிப்பிப்பது இதைத்தான். அன்செற்றில்ட் என்பது நாட்களைப் பற்றிய பேச்சு: இன்று ஒரு விதம், நாளை ஒரு விதம், ஒன்றும் நிலைத்து நிற்காது. ஒரு குளிர் முகப்பு (குளிர்காற்று முன்னேறிவரும் எல்லை) போய் அடுத்த தாழமுக்கம் வரும்போது படை முகிலில் இருந்து மழை பெய்யும். அங்கே காற்று நிலையானதாகவே இருக்கலாம், வானிலை மட்டும் அன்செற்றில்ட். மாறாக, ஏப்ரலில் அம்பாறைப் பக்கம் பின்னேரம் இடி இடிக்கும்போது காற்று அன்ஸ்டேபிள். ஆனால் ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்கு அதே கதை நடந்தால் அதை அன்செற்றில்ட் என்று சொல்ல முடியாது.

"தளம்பல்" என்று யாரும் சொல்ல முன் நானே மறுத்துவிடுகிறேன். நமது வானொலியும் பத்திரிகைகளும் "வளிமண்டலத்தில் ஏற்பட்ட தளம்பல் நிலை" என்று வங்கக்கடலில் தாழமுக்கத்துக்கு முன்னோடியாக வரும் குழப்பத்துக்கு அதை வழங்கிவிட்டன. கார்த்திகை மாதத்தில் அந்தச் சொல் காதில் விழுந்தால் மட்டக்களப்பில் பலருக்கு 1978 நவம்பர் 23 நினைவுக்கு வரும். லண்டனில் ஒரு மேகமூட்ட நாளுக்கு அதைப் போடக்கூடாது.

வந்தாறுமூலை, காலநிலையியல்

சேர் பிரித்தது சரி. ஷவர் பற்றி நான் சேர்க்கிறேன், ஏனெனில் இங்கேதான் மொழிபெயர்ப்பு அடிக்கடி வழுக்குகிறது.

"விட்டுவிட்டுப் பெய்யும் மழை" என்று ஷவரைச் சொல்லலாமே என்பார்கள். முடியாது. உலக வானிலை அமைப்பின் நிகழ்கால வானிலைக் குறியீட்டில் 60 முதல் 65 வரை மழை. அதில் 60, 62, 64 விட்டுவிட்டுப் பெய்வது, 61, 63, 65 தொடர்ந்து பெய்வது. ஷவர் தனி வகுப்பு: 80 இலேசானது, 81 மிதமானது அல்லது பலமானது, 82 மிகக் கடுமையானது. மழையும் மழைப்பனியும் (ஸ்னோ) கலந்த ஷவர் 83, 84. மழைப்பனி மட்டும் என்றால் 85, 86. விட்டுவிட்டு என்பது 60இன் வேலை, அதை 80க்குக் கொடுத்தால் அவதானிப்புப் பதிவு பொய்யாகிவிடும்.

வேறுபாடு இடைவெளியில் இல்லை, முகிலில் இருக்கிறது. விட்டுவிட்டுப் பெய்யும் மழை, வானம் முழுக்க மூடிய மழைப்படை முகிலில் இருந்து வருகிறது. இடையில் நின்றாலும் வானம் திறக்காது. ஷவர் மேற்காவுகையால், அதாவது சூடான காற்று மேலேறுவதால், எழும் திரள் முகிலில் இருந்து வருகிறது. சட்டென்று தொடங்கும், சட்டென்று நிற்கும், நின்றதும் நீல வானம் தெரியும். தனி முகிற் கலம் ஒன்றின் ஆயுள் அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை. ஓரிடத்தில் நிற்பவருக்கு அது பத்து, இருபது நிமிட மழை. ஆகவே ஷவருக்கு வரும் சொல்லுக்குள் தொடக்கமும் முடிவும் இருக்க வேண்டும்.

இலைதுளிர்காலத்தில் இது ஏன் பெருகுகிறது என்றால், மார்ச் 20, 21க்குப் பிறகு வட அரைக்கோளத்தில் வெயில் வேகமாக ஏறி நிலம் சூடாகிறது. மேலே உள்ள காற்று இன்னும் மாரியை விட்டு வெளியே வரவில்லை. துருவப் பக்கமிருந்து குளிர்ந்த காற்றுக் குளம் ஒன்று பிரிந்து மேலே தங்கினால் காற்றமுக்கம் 500 ஹெக்டோபாஸ்கலாகும் மட்டத்தில், அதாவது அங்கே ஏறத்தாழ 5.3 கிலோமீற்றர் உயரத்தில், சுழியத்துக்குக் கீழ் 30 பாகைக்கும் கீழே போகும். தரையில் 10 பாகை, அங்கே சுழியத்துக்குக் கீழ் 32 என்று வைத்தால், ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 8 பாகை வீழ்ச்சி. மட்டக்களப்பில் அதே அமுக்க மட்டம் 5.8 கிலோமீற்றருக்குச் சற்று மேலே, வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 6 அளவில். தரையில் 31 என்றால் வீழ்ச்சி 6.3 பாகை மட்டுமே. இங்கே இடிமழையை எழுப்புவது காற்றிலுள்ள ஈரம். அங்கே எழுப்புவது மேலே இருக்கும் குளிர்.

இதன் விளைவுகள் சொல்லிலும் தெரிய வேண்டும். நமது இடிமுகில் 15 கிலோமீற்றர் வரை போகும். அங்கே 5 முதல் 7 கிலோமீற்றரிலேயே உச்சி முடியும், அதனால் மழையளவு குறைவு. ஆனால் உறைமட்டம் ஒரு கிலோமீற்றர் அளவுக்குத் தாழ்ந்திருக்கும் (இங்கே ஏறத்தாழ 5). அதனால் அதே முகில் மழையாகவும் சிறு ஆலியாகவும் (ஆலங்கட்டி) மழைப்பனியாகவும் ஒரே மணித்தியாலத்தில் கொட்டும். பொழுதுபட நிலம் குளிர்ந்ததும் உள்நாட்டில் ஓய்ந்துவிடும். கடல் காற்றைவிடச் சூடாக இருப்பதால், கடலிலிருந்து காற்று வீசும் கரையோரத்தில் இரவிலும் தொடரும்.

சம்மாந்துறை, விவசாயப் போதனை

அக்கா கேட்கிற சொல் வயலில் கிடக்கிறது: பாட்டம்.

"ஒரு பாட்டம் ஊத்திட்டுப் போச்சு", "மூணு பாட்டம் அடிச்சும் வரம்பு நனையல்ல". இது எண்ணக்கூடிய மழை. மார்கழியில் இரண்டு மூன்று நாள் வானம் திறக்காமல் பெய்வதைப் பாட்டம் என்று ஒருவரும் சொல்லமாட்டார். அது அடைமழை. ஆக ரெயின், ஷவர் பிரிவை நமது பேச்சு ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. தூறலை இரண்டிலும் சேர்க்காதீர்கள், அது அரை மில்லிமீற்றரிலும் சிறிய துளி, குறியீட்டில் 50கள்.

பிரிப்பு ஏன் வேலைக்கு உதவும் என்றும் சொல்கிறேன். மழைமானியைக் காலை 8.30க்கு வாசித்து 12 மில்லிமீற்றர் என்று எழுதுகிறோம். இருபது நிமிடத்தில் ஒரே பாட்டமாகப் பெய்தாலும் 12, பன்னிரண்டு மணித்தியாலம் பெய்தாலும் 12. முதலாவது மணித்தியாலத்துக்கு 36 மில்லிமீற்றர் வேகம், இரண்டாவது 1. சிறுபோகத்தில் பலகையடித்து முளைநெல் விதைத்த வயலில் முதலாவது விழுந்தால் நெல் அள்ளுண்டு பள்ளத்தில் சேரும், மேட்டில் சொட்டை விழும். வக்கடையை (வரம்பில் தண்ணீர் போக வெட்டிய வாய்) முன்கூட்டித் திறந்து வைக்க வேண்டும். இரண்டாவது விழுந்தால் நெல் கிடந்த இடத்தில் கிடக்கும். களைகொல்லி தெளிப்பதும் அப்படித்தான். புட்டியில் எழுதிய மழையில்லா நேரம் பாட்டங்களுக்கு நடுவே கிடைக்கலாம், அடைமழையில் கிடைக்காது. முன்னறிவிப்பில் "பல தடவைகள் மழை" என்று எழுதுவதைவிடப் "பல பாட்டம் மழை" என்று எழுதினால் வயற்காரனுக்கு உடனே விளங்கும்.

ஒன்றைத் தவிருங்கள். தொடருக்குப் பெயராகச் "சிறுமாரி" என்று யாராவது எழுதக்கூடும். அது நமது சித்திரை மழை. புழுங்கித்தள்ளும் வெக்கைக்குப் பிறகு வருவது. அதில் குளிர் இல்லை.

கல்லடி

பாட்டம் நல்ல சொல், மனம் நிறைகிறது. புணர்ச்சியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நால்வர் நாலு விதமாக எழுதக்கூடாது. மரம் + வேர் = மரவேர் போல, பாட்டம் + மழை = பாட்டமழை. சேர்த்தே எழுதுங்கள். பிரித்தால் "பாட்ட" என்பது அந்தரத்தில் நிற்கும், தேடலிலும் அகப்படாது. மற்றவற்றுக்குப் பாட்டத்தைப் பின்னால் வைப்பது ஓசைக்கு நல்லது: ஆலிப் பாட்டம், மழைப்பனிப் பாட்டம்.

அன்செற்றில்டுக்கு என் முன்மொழிவு தரியா வானிலை. தரித்தல் என்றால் ஓரிடத்தில் நிற்றல். பஸ் தரிப்பிடம் என்று எழுதாத சந்தி நம்மூரில் இல்லை, ஆகவே வேர் எல்லோருக்கும் தெரியும். "வெயில் தரிச்சு எறிக்கல்ல" என்ற பேச்சும் இருக்கிறது. எதிர்ச்சொல்லும் தானாகக் கிடைக்கிறது: செற்றில்ட் என்றால் தரித்த வானிலை. உயரமுக்கம் வந்து நாலைந்து நாள் அசையாமல் நின்றால் அதுதான்.

தொடரின் பெயர்தான் கடினம். இளவேனில் என்று தொடங்கினால் அதற்குள் வேனில், வெப்பம், இருக்கிறது. "குளிர்ந்த இளவேனில்" என்பது தன்னோடு தானே சண்டை போடும். மாதத்தைக் கட்டி "சித்திரைக் குளிர்" என்றால் நியூசிலாந்துக்குப் பொருந்தாது, அங்கே இலை துளிர்ப்பது செப்டெம்பரில். துளிரை எடுப்போம், அது எந்த அரைக்கோளத்துக்கும் பொருந்தும். ஜேர்மானியர் ஏப்ரலின் பெயரால் "ஏப்ரில்வெட்டர்" என்கிறார்கள். ஜப்பானியர் கடுகினப் பூப் பூக்கும் காலத்து நசநச மழையை அந்தச் செடியின் பெயரால் "நதனே சூயு" என்கிறார்கள். பூவையும் துளிரையும் வைத்து மழைக்குப் பெயரிடுவது புதிதல்ல.

குளிரும் மழையும் ஒன்றாக அடங்கிய சொல் நமக்கு ஏற்கெனவே உண்டு, கூதிர். பழைய ஆறு பருவத்தில் ஐப்பசி, கார்த்திகை. ஆகவே துளிர்க்கூதிர்.

ஆரையம்பதி

கூதிர் புத்தகத்துக்கு அழகு, வாயில் வராது சேர். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் பாடும் குளிர்த்தியை எடுத்தால் என்ன? "துளிர்காலக் குளிர்த்தி". மட்டக்களப்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்.

வந்தாறுமூலை

தெரிந்த சொல் என்பதாலேயே அது பொருந்தாது, தங்கச்சி. குளிர்த்தி வெக்கையைத் தணிப்பது, வேண்டிக் கேட்பது. இந்தத் தொடர் வேண்டாத குளிர். பாட்டங்களுக்கு நடுவே இரவு வானம் திறந்தால் தரை வெப்பம் வெளியேறி விடியலில் உறைபனி விழும். பூத்த அப்பிளில், பூ சுழியத்துக்குக் கீழ் இரண்டு பாகைக்கு இறங்கினாலே சேதம் தொடங்கும். பகலில் 10 பாகைக்குக் கீழே தேனீக்கள் பெரும்பாலும் பறப்பதில்லை, தப்பிய பூவுக்கும் மகரந்தம் சேராது. இதற்கு அம்மனின் குளிர்த்தியைப் பெயராக வைத்தால் பொருள் தலைகீழாகும்.

கூதிர் வாயில் வராது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் உறவு "கூதல்" வரும். "கூதல் அடிக்குது" என்று மார்கழி வாடையில் எல்லோரும் சொல்வதுதான். கூதலுக்குள் மழை இல்லை என்பது அதன் குறை. அதனால் இரண்டையும் வேலை பார்த்துப் பிரிக்கலாம். முன்னறிவிப்பு ஒருபோதும் தொடரின் பெயரைச் சொல்வதில்லை, நாளை என்ன நடக்கும் என்றுதான் சொல்கிறது. அங்கே கூதல், தரியா, பாட்டம் போதும். பெயர் வேண்டியது பாடநூலுக்கும் பிந்திய அலசலுக்கும், அங்கே துளிர்க்கூதிர் ஒரு வரி வரைவிலக்கணத்தோடு நிற்கட்டும்: இலைதுளிர்காலத்தில், மேலே தங்கிய குளிர்காற்றின் கீழ், பகலில் பாட்டமழையும் இடைவெயிலும் மாறிமாறி வரும் கூதலான நாட்களின் தொடர்.

அக்கரைப்பற்று

இடைவெயில்! சன்னி இன்டர்வலுக்கு நான் கேட்காமலே கிடைத்துவிட்டது அக்கா, எடுத்துக்கொள்கிறேன்.

சரங்களில் போட்டுப் பார்த்தேன். "கூதல், தரியா வானிலை" ஒரு வரியில் நிற்கிறது. "பாட்டமழை, இடைவெயில்" அடுத்த வரியில் நிற்கிறது. "ஆலிப் பாட்டம், இடியும் வரலாம்" அதுவும் சரி. கூதல் எந்தப் பாகையில் தொடங்கும் என்று நிரலில் எண் வைக்கவில்லை. அந்த ஊரின் அந்த மாதச் சராசரியை விடக் குறைந்தால் மட்டும் காட்டச் சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் 23 பாகை கல்முனைக்குக் கூதல், லண்டனுக்குக் கோடை.

மாட்டுவது இரண்டு. "ஐசொலேற்றட் ஷவர்ஸ்", "ஸ்கற்றர்ட் ஷவர்ஸ்" இரண்டுக்கும் பழைய கோப்பில் "ஆங்காங்கே மழை". மற்றது "ஷவர்ஸ் டையிங் அவுட் திஸ் ஈவினிங்": "மாலையில் இறக்கும் மழை" என்று கிடக்கிறது.

வந்தாறுமூலை

முதலாவது இடப்பரப்பின் கணக்கு, நேரத்தின் கணக்கல்ல. ஐசொலேற்றட் மிகக் குறைந்த பரப்பு: "ஓரிரு இடங்களில் பாட்டமழை". ஸ்கற்றர்ட் அதைவிடக் கூட: "ஆங்காங்கே பாட்டமழை". "சில நேரங்களில்" என்று எதிலும் எழுதாதீர்கள்.

இரண்டாவது: "பொழுதுபடப் பாட்டம் ஓயும்". கரையோர நிலையங்களுக்கு இந்தச் சரத்தை அப்படியே கொடுக்கவேண்டாம், காற்று கடலிலிருந்து வீசும் இரவில் அங்கே ஓயாது. திசையைப் பார்த்து "கரையோரம் இரவிலும் பாட்டமழை" என்ற தனிச் சரம் ஒன்று வையுங்கள்.