ஆர் (R) என்ற புள்ளியியல் மொழியிலிருந்து சி ஃபங்ஷனைக் கூப்பிட்டால் விடை மைனஸ் இன்ஃபினிட்டி. சில நேரம் ஆரே மூடிக்கொள்கிறது

கொத்தமல்லி கேட்டது:

எண்ணிக்கைத் தரவுக்கான பாய்ஸான்-லாக்நார்மல் மாடலின் லாக்-லைக்லிஹுட்டை (பராமீட்டர்கள் தரவுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு) சி-யில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு இன்டெக்ரல். அதை 15 காஸ்-ஹெர்மிட் புள்ளிகளால் (இன்டெக்ரலைத் தோராயமாக ஒரு கூட்டலாக்கும் முறை) கூட்டுகிறேன். டாட்-சி (ஆரிலிருந்து சி-யைக் கூப்பிடும் .C) வழியாக, சிறந்த பராமீட்டரைத் தேடும் ஆப்டிமுக்குள்ளிருந்து கூப்பிடுகிறேன். சி பக்கம் ஐந்து பாயின்டர்கள்: தரவு, இரண்டு பராமீட்டர்கள், விடை மூன்றும் டபுள் (8 பைட் தசம எண்), வரிகளின் எண்ணிக்கை, புள்ளிகளின் எண்ணிக்கை இரண்டும் இன்ட் (4 பைட் முழு எண்).

பராமீட்டரை எப்படி மாற்றினாலும் மைனஸ் இன்ஃபினிட்டிதான் வருகிறது. புள்ளி எண்ணிக்கை 15 என்று சி-க்குள்ளேயே எழுதிவிட்டால், கையால் அடித்த பத்து எண்களுக்குச் சரியான விடை கிடைக்கிறது. சிஎஸ்வி கோப்பில் உள்ள 1200 வரிகளைக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் வேறு விடை. இரண்டு முறை செக்மென்டேஷன் ஃபால்ட் (தனக்கு உரிமையில்லாத மெமரியைத் தொட்டு ஆர் விழுவது). கோப்பின் முதல் இரண்டு மதிப்புகள் 3, 4. ஆனால் சி-க்குள் முதல் மதிப்பை அச்சிட்டால் 8.488 × 10^−314 என்று காட்டுகிறது.

திண்ணை:

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். டாட்-சி டைப்பைச் சரிபார்க்காது, மாற்றியும் தராது. கொடுத்த பைட்டுகளை அப்படியே தள்ளிவிடும்.

ஆரில் வெறும் 15 என்று எழுதினால் அது டபுள். சி அதை இன்ட் என்று நம்பி முதல் 4 பைட்டை மட்டும் படிக்கிறது. நம் கணினிகளில் கீழ்ப்பாதிதான் மெமரியில் முதலில் இருக்கும். 2097152-க்குக் குறைவான எந்த முழு எண்ணையும் டபுளாக வைத்தால் அந்தக் கீழ்ப்பாதி முழுக்கப் பூஜ்யம். ஆக, புள்ளிகள் 0, லூப் ஓடவே இல்லை, கூட்டல் 0, அதன் லாக் மைனஸ் இன்ஃபினிட்டி.

தரவில் நடப்பது இதற்குத் தலைகீழ். கையால் அடித்த எண்கள் டபுள், அதனால் தப்பித்தது. ரீட்.சிஎஸ்வி முழு எண்கள் மட்டும் உள்ள நெடுவரிசையை இன்டிஜராக எடுத்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த 8.488 × 10^−314 குப்பை இல்லை, உங்கள் 3-உம் 4-உம்தான்: கீழ் 4 பைட்டில் 3, மேல் 4 பைட்டில் 4, இரண்டையும் சேர்த்து ஒரே டபுளாகப் படித்தால் அந்த எண் வரும். 1200 இன்டிஜருக்கு 4800 பைட். சி 9600 பைட் படிக்கிறது. பின்பாதி யாருடைய மெமரியோ. அதுதான் விடை மாறுவதற்கும் ஆர் விழுவதற்கும் காரணம்.

கூப்பிடும் இடத்திலேயே ஒவ்வொரு ஆர்குமென்டையும் ஆஸ்.டபுள், ஆஸ்.இன்டிஜர் போட்டு அனுப்புங்கள். "இது இன்டிஜர்தானே" என்று எதையும் விட்டுவைக்க வேண்டாம். அச்சிட பிரின்ட்எஃப் வேண்டாம், ஆர்பிரின்ட்எஃப் போதும். விண்டோஸ் ஆர் ஜன்னலில் முன்னது கண்ணில் படாது.

பனங்கற்கண்டு:

மேலே சொன்னது சரி. ஆனால் இதை டாட்-கால் (.Call, ஆரின் பொருளையே சி-க்குக் கொடுப்பது) முறைக்கு மாற்றிவிடுவது நல்லது. வேகத்துக்காக என்று சொல்ல மாட்டேன். டாட்-சி 1200 வரிகளை நகலெடுப்பது ஒரு செலவே இல்லை. 10 லட்சம் வரி என்றால் கதை வேறு: ஒரு அழைப்புக்கு 8 எம்பி நகல், ஆப்டிம் கிரேடியன்டை (சரிவை) எண்முறையில் கணக்கிடும்போது பராமீட்டர் ஒன்றுக்கு இரண்டு அழைப்பு. உங்களுக்கு லாபம், டைப்பை சி-க்குள்ளேயே பார்த்து, தப்பாக இருந்தால் ஒழுங்கான எரருடன் நிறுத்தலாம் என்பது.

இரண்டு எச்சரிக்கை. டாட்-கால் நகலெடுக்காது; உள்ளே வந்த தரவின்மேல் எழுதினால், அதே வெக்டரைச் சுட்டும் வேறு பெயர்களிலும் மதிப்பு மாறிவிடும். அடுத்து, டாட்-சி விடுபட்ட மதிப்பு இருந்தால் தானாக எரர் தரும். டாட்-கால் வாயைத் திறக்காது. கூப்பிடும் முன் எனிஎன்ஏ போட்டுப் பாருங்கள்.

கொத்தமல்லி:

டாட்-சி சரியாகிவிட்டது, நன்றி இருவருக்கும். டாட்-கால் எழுதினேன்: தரவை கோயர்ஸ்வெக்டர் மூலம் டபுளாக்கி, அலாக்வெக்டர் மூலம் விடைக்கு இடம் ஒதுக்கி, பிறகு லூப். கையால் அடித்த தரவில் ஒருநாளும் விழுவதில்லை. கோப்புத் தரவில் சில நூறு அழைப்புக்குப் பிறகு விழுகிறது.

திண்ணை:

கோயர்ஸ்வெக்டர் தந்ததை ப்ரொடெக்ட் (இது பயன்பாட்டில் இருக்கிறது என்று ஆருக்குச் சொல்வது) செய்யவில்லை, அல்லவா? தரவு ஏற்கெனவே டபுள் என்றால் அது அதே பொருளைத் திருப்பித் தரும்; ஆர் பக்கம் அதற்குப் பெயர் இருப்பதால் பாதுகாப்பு. இன்டிஜர் என்றால் புதிய வெக்டர். அதை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அடுத்த வரியில் அலாக்வெக்டர் இடம் கேட்கும்போது குப்பை சேகரிப்பு (யாரும் பயன்படுத்தாத மெமரியை ஆர் திரும்ப எடுப்பது) ஓடினால் அது போய்விடும். எல்லா அழைப்பிலும் ஓடாது என்பதால்தான் சில நூறு முறை தாங்குகிறது.

இரண்டையும் ப்ரொடெக்ட் செய்து, திரும்பும் முன் அன்ப்ரொடெக்ட் 2. எண்ணிக்கை பிசகினால் ஸ்டாக் இம்பேலன்ஸ் என்று வார்னிங் வரும். இடைக்கால அரேக்களுக்கு மாலாக் (சி-யின் மெமரி ஒதுக்கீடு) வேண்டாம், ஆர்_அலாக் எடுங்கள். நடுவில் எரர் வந்து வெளியேறினாலும் ஆரே விடுவித்துவிடும்.

சோதிக்க ஜிசிடார்ச்சரை ட்ரூ செய்து ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள். ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் சேகரிப்பு ஓடும். பிழை இருந்தால் பெரும்பாலும் அங்கேயே விழும்.

பனங்கற்கண்டு:

மறுபடி கம்பைல் செய்வதற்கு முன் டைன்.அன்லோட் (ஏற்றிய சி நூலகத்தை ஆரிலிருந்து இறக்குவது) மறக்காதீர்கள். விண்டோஸில் டிஎல்எல் பூட்டிக்கொண்டு பர்மிஷன் இல்லை என்று சொல்லும். லினக்ஸில் திறந்திருக்கும் கோப்பின்மேலேயே எழுதப்பட்டால் ஆர் சொல்லாமலே விழும். பின்னால் சி++ பக்கம் போனால் ஃபங்ஷனுக்கு முன் எக்ஸ்டர்ன் "சி" வேண்டும்; இல்லாவிட்டால் கம்பைலர் பெயரைத் திரித்துவிடும், லோட் டேபிளில் இல்லை என்று எரர் வரும்.

ஜிசிடார்ச்சரை அணைத்துவிட்டு ஆப்டிமை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் நத்தை மாதிரி ஊரும், சி எழுதியே பிரயோஜனமில்லை என்று தோன்றும்.