சிறை நேர்காணலும் வழக்கு ஆவணமும் முரண்படுகின்றன: ஆய்வாளர்கள் உதவவும்

சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு, கடைசி ஆண்டு. அறிமுகமானவர்களுக்குள் வாய்த்தகராறு எப்படிக் கொலையில் முடிகிறது என்பதே என் கேள்வி. தண்டனை பெற்றவர்களின் நேர்காணல்களும் அந்தந்த வழக்கின் தீர்ப்பு நகல்களும் கையில் உள்ளன. பகுப்பாய்வு நகரவில்லை.

தகராறு கொலையாக மாறுவது பற்றிச் சமூகவியலாளர் லக்கன்பில் 1977-ல் முன்வைத்த ஆறு கட்ட வரிசையை வைத்துத் தொடங்கினேன். சீண்டல், அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வது, பதிலடி, சுற்றி நிற்பவர்கள் ஏற்றிவிடுவது எல்லாமே என் தரவில் தெளிவாகத் தெரிகின்றன. சிக்கல் ஒரே இடத்தில்: முதலில் கை ஓங்கியது யார்? கைதி ஒன்று சொல்கிறார், தீர்ப்பு வேறு சொல்கிறது. 1957-ல் குற்றவியலாளர் வுல்ஃப்காங் முன்வைத்த ‘பாதிக்கப்பட்டவரே தூண்டிய கொலை’ என்ற வகை முழுக்க இந்த விடையை நம்பித்தான் நிற்கிறது. இறந்தவர் வந்து மறுக்க முடியாது என்பதால் கைதியின் சொல்லை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

தீர்ப்பையே உண்மையாகக் கொண்டு பார்த்தேன், நேர்காணலுக்கு வேலையே இல்லாமல் போனது. நேர்காணல் போன்ற தரவைப் பகுத்து ஆராயும் மென்பொருளான என்விவோவில், பகுதிகளுக்கு வகைப் பெயரிடும் குறியிடல் வேலையை இன்னொருவரையும் தனியே செய்யச் சொன்னேன். மற்றவற்றில் ஒத்துப்போனோம், இதில் மட்டும் காப்பா மதிப்பு (இருவரின் குறியீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு) சரிந்தது. சாட்சிகளைச் சந்திக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லை. அந்த வழக்குகளை விட்டுவிடு என்கிறார் நெறியாளர். ஆனால் முரண்படுபவைதான் மிக முக்கியமான வழக்குகள்.

இப்படிப்பட்ட தரவோடு வேலை செய்தவர்கள், ‘முதல் தாக்குதல்’ குறியீட்டை எந்த விதியின்படி முடிவு செய்தீர்கள்?