இளநிலை உளவியல் மாணவர்களுக்குக் கட்டணமில்லாத ஆய்வுப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

நெல்லை மாணவி:
வணக்கம். பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதுகலைக்குப் பின் ஆய்வுத் துறைக்குச் செல்ல விரும்புகிறேன். இன்டர்ன்ஷிப் தேடினால், கட்டணம் செலுத்தி இணையவழியில் சில வகுப்புகளைக் கேட்டால் சான்றிதழ் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களே வாட்ஸ்அப் குழுக்களில் குவிகின்றன. இவற்றால் பயன் உண்டா? ஆய்வு அனுபவம் பெற வேறு வழி இருக்கிறதா?

மருத்துவமனை உளவியலாளர்:
பணம் கட்டி வாங்கும் சான்றிதழுக்குச் சேர்க்கைக் குழுவினர் பெரிதாக மதிப்புத் தருவதில்லை. மருத்துவ உளவியலாளராகப் பதிவு செய்ய இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற படிப்பு வேண்டும். அதற்கும் இச்சான்றிதழ்கள் உதவா. மருத்துவமனையில் இடம் கிடைத்தாலும் இளநிலை மாணவர் உடனிருந்து பார்க்கலாமே தவிர, ஆலோசனை வழங்கக் கூடாது. முதல் வாரத்திலேயே நோயாளியிடம் தனியே பேசவிடும் இடம் என்றால், அங்கே சேராமல் இருப்பதே நல்லது.

ஆய்வு மாணவர்:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆய்வுக்கென்றால், பெயர் பெற்ற நிறுவனம் எது என்று தேடுவதைவிட, நம்மால் அங்கே என்ன வேலை செய்து தர முடியும் என்று யோசிப்பதே பலன் தரும். சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வு அறக்கட்டளை போன்ற இடங்களில் நோயாளிகளும் குடும்பத்தினரும் பெரும்பாலும் தமிழில்தான் பேசுவார்கள். இத்தகைய ஆய்வுகளில் பதிவு செய்த நேர்காணலைச் சொல் மாறாமல், தயக்கமும் மௌனமும் உட்பட எழுத்தில் கொண்டுவரப் பொறுமையான ஆள் தேவை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை எழுத்தர் வேலை என்பார்கள். ஆனால் ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுதி முடிப்பதற்குள், எந்தக் கேள்விக்கு மனிதர்கள் மனம் திறக்கிறார்கள், எதற்கு வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

எண் சார்ந்த வேலையையும் இப்போதே பழகுங்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ஜாஸ்ப் (JASP) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒருவர் தம்மை எவ்வளவு மதிக்கிறார் என்று அளக்கும் வினாத்தாளான ரோசன்பெர்க் தன்மதிப்பு அளவுகோலின் 10 கூற்றுகளில் 5 எதிர்மறையானவை; 1 முதல் 4 வரை மதிப்பெண் இடும்போது அவற்றில் 4 என்பது 1 ஆகவும், 3 என்பது 2 ஆகவும் எனத் தலைகீழாக மாற வேண்டும். இதை விட்டுவிட்டால், கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் நம்பகத்தன்மைக் கெழு சரிந்துவிடும். இதைக் கவனிக்கும் மாணவரை எந்த வழிகாட்டியும் எளிதில் விடமாட்டார்.

காந்திநகர் ஐ.ஐ.டி.யின் கோடைக்கால ஆய்வுப் பயிற்சியையும் பாருங்கள். அங்கே அறிதிறன் அறிவியல் துறை உண்டு. அறிவிப்பு வரும்போது தகுதி விதிகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

நெல்லை மாணவி:
மிக்க நன்றி. அறிமுகமே இல்லாத பேராசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பலாமா?

ஆய்வு மாணவர்:
தாராளமாக அனுப்பலாம். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எழுந்த ஒரு கேள்வியையும், உங்களால் செய்ய முடிந்த வேலையையும், வாரத்தில் ஒதுக்கக்கூடிய நேரத்தையும் பத்து வரிக்குள் எழுதுங்கள். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். மின்னஞ்சல் அனுப்பும் முன் உங்கள் கல்லூரி ஆசிரியர்களில் யார் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறார் என்று விசாரியுங்கள். தரவு சேகரிக்க ஆள் கிடைக்காமல் அவர் திண்டாடிக்கொண்டிருக்கக்கூடும்.