கிழக்குவிளை வீடு (வாட்ஸ்அப் குழு)

செல்வன் (துபாய்): எல்லாரும் உண்டா? கடையில நிக்கேன். அபினுக்க லேப்டாப்பு விஷயம். ரெண்டு எண்ணம் காட்டுதான், ஒரே விலை. ஒண்ணுல கிராபிக்ஸ் சிப்பு ஆர்டிஎக்ஸ் 5070, மெலிஞ்சது. மத்தது 5060, தடிச்சது. 5070 எடுக்கேன், செரியா?

ராணி: செரி தம்பி

அபின்: மாமா 5070 🔥🔥🔥

டேவிட்: எத்தன திர்ஹம்

செல்வன்: அண்ணா அது பிறகு

ஷைஜு: மாமா நில்லுங்க. பில் போடாண்டாம். ரெண்டுலயும் கிராபிக்ஸுக்கு எத்தன வாட் விட்டிருக்கான்னு கேளுங்க. டிஜிபின்னு சொன்னா அவனுக்குத் தெரியும்.

செல்வன்: 5070 தான் பெருசுன்னு சொல்லுதான். நம்பர் பாத்தா தெரியாதான்னு கேக்கான்

ஷைஜு: நம்பரு சிப்புக்க பேரு மட்டும்தான். அதுக்கு எத்தன வாட் குடுக்கணும்னு லேப்டாப் கம்பெனிதான் தீர்மானிக்கும். 5070க்கு சிப்பு கம்பெனி என்விடியா குடுத்த அளவு 50ல இருந்து 100 வாட் வரை. 5060க்கு 45ல இருந்து 100. மெலிஞ்ச பாடியில சூடு வெளிய போக வழி கம்மி, அதனால வாட்டைக் குறைச்சுதான் வைப்பான். 60 வாட்ல ஓடுத 5070ஐ, முழு வாட் கிட்டுன 5060 பெரும்பாலும் முந்தும். ரெண்டுக்கும் மெமரி அதே 8 ஜிபிதான், பஸ்ஸும் அதே 128 பிட்தான்.

லீலா: பஸ்ஸு ஏது மக்களே

ஷைஜு: அம்மா அது வேற பஸ்ஸு, சிப்புக்கும் மெமரிக்கும் நடுவுல டேட்டா போற வழி

மேரி: செல்வா கோடாலித் தைலம் 6 எண்ணம் மறக்காண்டாம். பால்பொடியும்

செல்வன்: எழுதி வச்சிருக்கேன் மைனி

செல்வன்: ஷைஜு, 5060ல 115 வாட்னு ஸ்டிக்கர்ல போட்டிருக்கு. நீ 100ன்னு சொன்ன

ஷைஜு: 100 அடிப்படை, 15 டைனமிக் பூஸ்ட். சிபியு, அதாவது மெயின் பிராசசர், சும்மா இருக்கும்போ அதுக்க பங்குல கொஞ்சம் எடுத்து கிராபிக்ஸுக்கு குடுக்கும். சிபியுவும் சேந்து உழைக்குத கேம்ல 115 வராது, 100ஐ ஒட்டி நிக்கும். அது கேடு இல்ல. அந்த மெலிஞ்சதுல எத்தன?

செல்வன்: ஸ்டிக்கர்ல இல்ல

ஷைஜு: போடலைன்னாலே சந்தேகப்படணும். ஆன் பண்ணி காட்டச் சொல்லுங்க. என்விடியா கண்ட்ரோல் பேனல், ஹெல்ப், அதுல சிஸ்டம் இன்ஃபர்மேஷன். அங்க மேக்ஸ் கிராபிக்ஸ் பவர்னு ஒரு வரி இருக்கும். சார்ஜர் குத்தி, பெர்ஃபார்மன்ஸ் மோடுல வச்சிட்டுப் பாக்கணும்.

டேவிட்: அங்கேருந்து கொண்டுவந்தா ஏர்போட்ல டியூட்டி அடிப்பான்

ராணி: ஐயோ அப்படியா

ஷைஜு: 18 வயசு ஆன யாத்திரைக்காரருக்கு ஒரு லேப்டாப்புக்கு டியூட்டி இல்ல. மாமா ஆபீஸ் லேப்டாப்பையும் சேத்து கொண்டுவராண்டாம், ரெண்டாச்சுன்னா கேப்பான். செக்கின் பெட்டியில போடாம கையில வச்சிருங்க. 100 வாட்-ஹவர் அளவுக்குள்ள இருக்க பேட்டரிக்கு தனி அனுமதி வேண்டாம். கேமிங் லேப்டாப்புல 99.9ன்னு போடுததுக்கு காரணமே அதுதான்.

டேவிட்: போன தடவை மிக்ஸி கொண்டுவந்தப்பவும் இப்படித்தான் எல்லாரும் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னிய

செல்வன்: அண்ணா மிக்ஸி கதை இப்ப வேண்டாம்

டேவிட்: நான் ஒண்ணும் சொல்லல. வடக்குப் பக்கத்து மதிலும் சேத்து நீ வந்தப்பறம் பேசலாம்

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

லீலா: ரெண்டுபேரும் சும்மா இருங்க. ஞாயிறு அசன விருந்து. செல்வன் வருதியா இல்லியா, பந்திக்கு பேரு குடுக்கணும்

செல்வன்: வருவேன் அக்கா

அபின்: மாமா கண்ட்ரோல் பேனல்ல என்ன வந்துச்சு

செல்வன்: 5070ல 65 W

ஷைஜு: பாத்தியளா. இப்ப ரெண்டு சார்ஜருக்கும் அடியில உள்ள எழுத்தை போட்டோ இடுங்க.

செல்வன்: 📷 📷

ஷைஜு: 5060க்கு 20 வோல்ட், 11.5 ஆம்பியர். பெருக்குனா 230 வாட். கிராபிக்ஸ் 115, சிபியு ஒரு 50, ஸ்கிரீன், ஃபேன் எல்லாம் சேந்தாலும் மிச்சம் இருக்கு. மத்தது டைப் சி, 20 வோல்ட் 5 ஆம்பியர், 100 வாட்டுதான். 65 கிராபிக்ஸுக்குப் போனா சிபியுக்கும் மத்ததுக்கும் 35தான். ரெண்டும் சேந்து இழுத்தா ஒண்ணு வேகத்தைக் குறைக்கும், இல்ல சார்ஜர் குத்தி இருக்கும்போதே பேட்டரி இறங்கும்.

அபின்: அண்ணா அப்போ 140 வாட் உள்ளது பாப்பமா

ஷைஜு: 140 வேணும்னா 5070 டிஐ. அதுக்கு 115, கூட 25 பூஸ்ட், மெமரி 12 ஜிபி. பைசா கூடும். ஆனா வாட்டை மட்டும் பாத்து ஓடாத லே. 50ல இருந்து 80க்கு ஏறும்போ வேகம் நல்லா தெரியும். 80ல இருந்து 100க்கு கொஞ்சம். அதுக்கு மேல இந்த சின்ன சிப்புல வோல்டேஜ்தான் தடுக்கும். வேகம் கூட்ட வோல்டேஜ் கூட்டணும், வோல்டேஜ் இரட்டியானா செலவாகுத வாட் ஏகதேசம் நாலு மடங்கு. கடைசி 15 வாட்ல சூடும் ஃபேன் சத்தமும்தான் கூடும். மெமரிக்குன்னா 12 ஜிபிக்கு நான் நிப்பேன், வாட்டுக்கு இல்ல.

அபின்: ஏஐ மாடல் 8 ஜிபில ஓடுமா

ஷைஜு: 8 பில்லியன் பாராமீட்டர் மாடல 4 பிட்டாச் சுருக்குனா ஏகதேசம் 5 ஜிபி. ஓடும். அதுக்கு மேல பெருசு ஏத்துனா கிராபிக்ஸ் மெமரி நிறைஞ்சு லேப்டாப்புக்க ராம் மெமரிக்கு வழியும், இழையும். உனக்க கேடு அதுக்கு தாராளம்.

ராணி: கேடா?

ஷைஜு: சித்தி, கேட்னா மெஷின் வரையுத சாஃப்ட்வேர்

ராணி: அது தூக்க கனம் எத்தன. தினமும் பஸ்ஸில மார்த்தாண்டம் போய் மாறி போற பயலாக்கும்

செல்வன்: 2.4 கிலோ. சார்ஜர் வேற

ராணி: கர்த்தாவே

மேரி: மெலிஞ்சது போதும் ராணி, தோளு போவும்

ஷைஜு: கனம் உண்மைதான், சித்தி சொல்லுதது நியாயம். கிளாஸுக்கு சார்ஜர் இல்லாம சைலண்ட் மோடுல கொண்டுபோலாம். பேட்டரியில எந்த லேப்டாப்பும் கேமுக்கு முழு வாட் குடுக்காது, அதனால பெரிய சார்ஜர் வீட்லயே கெடக்கட்டும். ஆனா மாமா, மெலிஞ்சதுல ராம் போர்டோட ஒட்டி வச்சிருப்பான், பின்ன கூட்ட ஒக்காது. கேட்டுப் பாருங்க.

செல்வன்: ஆமா மாத்த ஒக்காதாம். தடிச்சதுல ஒரு 16 ஜிபி ராம் குச்சி, ஒரு இடம் காலி

ஷைஜு: நல்லது. இங்க வந்து இன்னொரு 16 இட்டா டூயல் சேனல் ஆவும், ரெண்டு வழியா டேட்டா போவும், சிபியு காத்து நிக்குதது குறையும். கீபோர்டுல அரபி எழுத்து இருக்கான்னும் பாருங்க. அங்கத்த பிளக்கு சதுர பின், ஒயர் மட்டும் இங்க மாத்தித் தாறேன். இன்டர்நேஷனல் வாரண்டி உண்டான்னு பில்லுல எழுதி வாங்குங்க.

டேவிட்: இன்வெர்டர்ல ஓடுமா? மழைக்கு கரண்ட் நிக்காதே

ஷைஜு: ப்யூர் சைன் வேவ்னா ஓடும் மாமா. பழைய சதுர வேவ் இன்வெர்டர்ல இந்த பெரிய சார்ஜர் ஊளையிடும், சிலது எடுக்காது. உங்க வீட்டு இன்வெர்டர் எது?

டேவிட்: நீ வந்து பாரு

லீலா: செல்வா பந்திக்கு 7 பேரா 8 பேரா

செல்வன்: கடைக்காரன் நெருக்குதான். ராணி சொல்லு, மெலிஞ்சதா தடிச்சதா

ராணி: அபினுக்க அப்பா வரட்டும்

அபின்: அம்மா!!

ஷைஜு: 65 வாட்டுக்கு 5070ன்னு பேரு மட்டும் வாங்காதீங்க மாமா. வாங்குததுக்கு முன்ன தடிச்சதுல ஜிபியு-இசட்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு 10 நிமிஷம் ஒரு கேம் ஓட்டச் சொல்லுங்க. பெர்ஃப் கேப் ரீசன்னு ஒரு வரி வரும், வேகத்தை எது தடுக்குதுன்னு அதுல காட்டும். பவர்னா வாட் எல்லை தொட்டிருக்கு, வோல்டேஜ்னாலும் குழப்பமில்ல. தெர்மல்னு நின்னுச்சுன்னா சூடு தாங்கல, அந்தப் பீஸு வேண்டாம், வேற பெட்டி பிரிக்கச் சொல்லுங்க.

செல்வன்: கடை நெட்டு கிட்டல. வெளிய வந்து விளிக்கேன்

டேவிட்: திருவனந்தபுரத்துக்கு வண்டி யாரு எடுக்குதா

ராணி: தம்பி, தடிச்சதுக்க அடிப்பக்கம் ஒரு போட்டோ இடு. ஷைஜு பாக்கட்டு