செவலை இல்லாத கொட்டில்

கேள்வி (திருத்துறைப்பூண்டி):
பதினான்கு ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்த உம்பளாச்சேரிப் பசு சென்ற வாரம் இறந்துவிட்டது. பிறந்தபோது செந்நிறமாக இருந்ததால் செவலை என்று பெயரிட்டோம். அந்த இனத்துக்கே உரியபடி சில மாதங்களில் சாம்பல் நிறமாகிவிட்ட பிறகும் பெயர் மாறவில்லை. என் தந்தை இப்போதும் விடியற்காலையில் எழுந்து, வைக்கோல் போரில் ஒரு கைப்பிடி பிடுங்கிக்கொண்டு கொட்டில் வரை சென்று, அங்கேயே நின்றுவிடுகிறார். உடனே வேறு கன்று வாங்கித் தரலாமா?

மறுமொழி (மன்னார்குடி):
அவசரப்படாதீர்கள், ஐயா. நாங்கள் பத்தே நாளில் ஒரு கன்றைக் கொண்டுவந்தோம். என் மாமனார் அதைத் தொடவே இல்லை. பாவம், அந்தக் கன்றுதான் ஏங்கிப்போயிற்று. செவலையின் கழுத்து மணியை மறைத்து வைக்கவும் வேண்டாம். அதை எப்போது எடுத்து வைப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

மறுமொழி (திருவாரூர்):
கன்றை இழந்த பசுவுக்காக மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்று கதை சொல்லும் ஊர் எங்களுடையது. ஆகவே, மாட்டுக்காகவா இத்தனை அழுகை என்று எவரேனும் கேட்டால் பொருட்படுத்தாதீர்கள். அவர் உணவும் உறக்கமும் இன்றி வாரக்கணக்கில் வாடினால் மட்டும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேட்டவர்:
புதைத்த இடத்தில் ஒரு தென்னம்பிள்ளை வைக்க வேண்டும் என்று இன்று அவரே சொன்னார். மாட்டுப் பொங்கல் வரை கன்றைப் பற்றிப் பேசப் போவதில்லை.